பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு போர்த் தலைமையகம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பகுதிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாவுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. சுபஹுக்கு முன்பே பஸ் புறப்படும். அம்பாறை, மஹியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. அந்த வளைவு முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்து முடித்திருப்பார்கள். கண்டி வாவியைச் சுற்றிவிட்டுப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் நுழையும்போது பசி வந்துவிடும். சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பது அந்தப் பெரிய புல்வெளியில், குடைபோல விரிந்து நிற்கும் ஜாவா அத்திமரத்தின் பக்கம். நானும் மாணவனாக அங்கே சாப்பிட்டிருக்கிறேன். இப்போது பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கூட்டிப் போகிறேன்.

கடைசியாகப் போனபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொன்னேன். "நீங்க இருக்கிற இந்தத் தோட்டத்துக்குள்ளதான் ரெண்டாம் உலகப் போர்ல ஆசியாவிட பெரிய படைத் தலைமையகம் ஒண்டு இருந்தது" என்று. பிள்ளைகள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவன் மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டான்: "அப்ப யுத்தம் முடிஞ்ச ஒடனே இதத் திருப்பிக் குடுத்துட்டுப் பெய்த்தாங்களா சேர்?"

"ஓம்" என்றேன். "நெசமாவா?" என்றான்.

அந்த "நெசமாவா"வுக்காகத்தான் இந்தப் பதிவு. அவன் எந்த அனுபவத்தில் நின்று அதைக் கேட்டான் என்பது இந்தக் கரையில் வாழும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலில் தோட்டத்தின் கதை. பேராதனை வெள்ளைக்காரன் உண்டாக்கிய இடமல்ல. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் கிடக்கும் நிலத்துண்டு அது. பதினான்காம் நூற்றாண்டிலேயே மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அங்கே அரசவை நடத்தியதாக வரலாறு சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதை அரச தோட்டமாக்கினான். அவனுக்குப் பின் வந்த ராஜாதி ராஜசிங்கன் அங்கே தங்கியிருந்து விகாரை ஒன்றும் கட்டினான். அந்தக் காலத்தில் கண்டி மன்னர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய செய்தியை நாம் எல்லோரும் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

1815இல் கண்டி வீழ்ந்தது. ஆங்கிலேயர் அரச தோட்டத்தைக் கைப்பற்றினார்கள், விகாரை அழிந்தது. கொழும்பிலும் பிறகு களுத்துறையிலும் இருந்த தாவரவியல் தோட்டத்தை அலெக்சாண்டர் மூன் என்பவர் 1821இல் பேராதனைக்குக் கொண்டுவந்தார். ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பி, சிங்கோனா, தேயிலை, றப்பர் என்று இந்த நாட்டின் பொருளாதாரத்தைத் தலைகீழாக மாற்றிய பயிர்களின் கதையில் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. அது தனிப் பதிவுக்கான விஷயம். இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். போருக்காகக் கேட்கப்பட்ட தோட்டம் ஏற்கனவே ஒரு முறை போரால் பறிக்கப்பட்ட தோட்டம்.

இனி 1942க்கு வருவோம். இது நம் கடலோடு சம்பந்தப்பட்டது.

அந்த வருடம் பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பகுதி கப்பலில் வந்தது, அதிலும் பர்மா அரிசிதான் அதிகம். அது ஒரேயடியாக நின்றது. கூப்பன் முறை வந்ததும், அரசாங்கம் விவசாயிகளிடம் நெல்லை நேரடியாகக் கொள்வனவு செய்யத் தொடங்கியதும் இதனால்தான். மார்ச் மாதம் வைஸ் அட்மிரல் ஜெப்ரி லேய்ட்டன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். தேசாதிபதி அன்ட்ரூ கால்டிகொட் பதவியில் இருந்தார், ஆனால் லேய்ட்டன் அவருக்கும் மேலே. ஒரு கட்டிடம் வேண்டுமென்றால், ஒரு காணி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் படைக்கு வந்தது அப்படித்தான்.

ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலை வாவியிலிருந்து கெட்டலினா கடல்விமானத்தில் பறந்த லெனர்ட் பேர்ச்சல் என்ற கனடா விமானி தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிய கையோடு சுடப்பட்டுக் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9இல் திருகோணமலையில் விழுந்தது.

அதே ஏப்ரல் 9 காலை, திருகோணமலையிலிருந்து தெற்கே தப்பி வந்திருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. சில நிமிடங்களில் ஏராளமான குண்டுகள் விழுந்து மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியாவின் வம்பயர், இன்னும் சில கப்பல்களும் அன்றே போயின. அவ்வழியாக வந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. இத்தனையும் நடந்தது கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில். கப்பல் இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

நம் பாடப்புத்தகத்தில் இதற்குக் கிடைப்பது ஓரிரு வரிகள். நானும் அந்த வரிகளை வாசித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிய ஆசிரியன்தான்.

இந்தத் தாக்குதலுக்குப் பிறகு இலங்கை முழுவதும் ஒரு முகாம் மாதிரி ஆனது. கொழும்பில் பெரிய பாடசாலைகள் ஒவ்வொன்றாகப் போயின. றோயல் கல்லூரியின் கட்டிடம் இராணுவ வைத்தியசாலையானது. கல்கிசை சென் தோமஸ் கல்லூரியை எடுத்தார்கள், பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மலைநாட்டில் குருத்தலாவையில் தானமாகக் கிடைத்த ஒரு தோட்டத்தில் படித்தார்கள். மருதானை ஸாஹிராவும் தப்பவில்லை. அப்போது அதிபர் ரி.பி. ஜாயா. கட்டிடம் போனதென்று அவர் பாடசாலையை மூடவில்லை. கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் என்று வெளியூர்களில் ஸாஹிராவின் கிளைகளைத் திறந்தார். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெறக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த காலம் அது. கொழும்பில் படை புகுந்ததால் ஊருக்கு ஊர் ஸாஹிரா முளைத்தது என்று சொன்னால் மிகையில்லை. அல்லாஹ்வின் ஏற்பாடு எப்படி எப்படியோ வருகிறது.

இப்போது பேராதனைக்குத் திரும்புவோம்.

1943 ஓகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் சேர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடிப் பேசியபோது, ஜப்பானியரிடமிருந்து பர்மா, மலாயா பகுதிகளை மீட்பதற்கென்று தென்கிழக்காசியக் கட்டளையகம் உருவானது. தலைவர் லூயி மவுண்ட்பேட்டன், ஆம், பிறகு இந்தியாவின் கடைசி வைஸ்ரோயாக வந்தாரே அவர்தான். முதலில் டில்லியில் இருந்தார். அங்கே இந்தியப் படைத் தலைமையகத்தின் நிழலில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கடற்படைத் தளமான திருகோணமலைக்குக் கிட்ட, ஆனால் கடலிலிருந்து குண்டு போட வசதியில்லாத, வெக்கை குறைந்த ஓர் இடம் வேண்டும். கண்டி சரியாக வந்தது. 1944 ஏப்ரலில் தலைமையகம் இடம் மாறியது.

மவுண்ட்பேட்டன் குடியிருந்தது கண்டி நகரிலுள்ள தேசாதிபதியின் மாளிகையில். அதைக் கட்டியவரும் முன்னே சொன்ன அதே பார்ன்ஸ்தான். இன்று அது ஜனாதிபதி மாளிகை. அதிகாரிகளுக்கு வாவிக்கரை ஹோட்டல்கள். அலுவலகமோ பேராதனைப் பூந்தோட்டம். மரங்களுக்கிடையே தற்காலிகக் கொட்டில்கள் எழும்பின. தட்டச்சு இயந்திரங்கள், தொலைபேசிக் கம்பிகள், வரைபட அறைகள் வந்தன. பிரித்தானியர், அமெரிக்கர், இந்தியர், ஆண்கள், பெண்கள் என்று பல ஆயிரம் பேர். இவ்வளவு பேர் பூந்தோட்டத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று போர்முனையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது. அதே மாதங்களில் இம்பாலிலும் கொஹிமாவிலும் மழைக்குள் கிடந்து ஜப்பானியரை மறித்தவர்கள் ஜெனரல் ஸ்லிமின் 14ஆவது இராணுவத்தினர். அவர்களில் பெரும்பான்மையினர் இந்தியர்கள், பஞ்சாபி முஸ்லிம்களும் அதில் நிறையப் பேர்.

அமெரிக்க உளவுப் பிரிவு தனியாக நந்தன என்ற தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. கிடுகு வேய்ந்த கொட்டில்களில் அலுவலகம் நடந்தது. நம் ஊர்க் கடற்கரை வாடி மாதிரி ஒன்றுக்குள் அமெரிக்காவின் இரகசியக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்த பெண் ஜூலியா மெக்வில்லியம்ஸ். போருக்குப் பிறகு ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்காவே அறிந்த சமையல் நிபுணரானார். கணவர் போல் சைல்டை அவர் சந்தித்தது இங்கேதான். கிறெகரி பேற்சன் என்ற புகழ்பெற்ற மானிடவியலாளரும் அதே கூட்டத்தில் இருந்தார்.

ஓர் இடைச்செருகல். பேராதனைப் பூந்தோட்டத்தில் இந்தக் கூட்டம் குடியேறிய அதே 1944இல்தான் நம் கல்முனைக்குடியில் எம்.ஏ. நுஃமான் அவர்கள் பிறந்தார். பின்னாளில் அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது அந்தத் தோட்டத்துக்கு எதிரே உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில். இதில் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

1945 ஓகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணாகதி ஒப்பமானது. ஆண்டு முடிவதற்குள் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. தோட்டம் தாவரவியலாளர்களிடம் திரும்பியது. புல்வெளி திரும்பப் பச்சையானது. அவர்கள் விட்டுப்போனவற்றில் நமக்கு மிகவும் பழக்கமானது வானொலி. படையினருக்காக இலங்கையில் தொடங்கிய ரேடியோ சியாக் என்ற நிலையத்துக்கு ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. 1949இல் அது ரேடியோ சிலோனுக்குக் கைமாறியது. தமிழ்நாடு முழுக்க இலங்கை வானொலிக்குக் காத்துக் கிடந்த காலத்துக்கு அடித்தளம் அந்த இயந்திரம். நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையின் பாங்குக்காகக் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்த நமக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொன்ன "ஓம்" பொய்யல்ல. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அது அரைவாசிப் பதில் என்று உறைத்தது.

தோட்டம் திரும்பியது. மாளிகை திரும்பியது. றோயல் கல்லூரியும் சென் தோமஸும் ஸாஹிராவும் திரும்பின. கல்கிசைக் கடற்கரையில் தேசாதிபதி மெயிற்லண்டின் பழைய மாளிகையான ஹோட்டலும் போர்க்காலத்தில் படையினர் கைக்குப் போய், மறுபடி ஹோட்டலானது. இவை எல்லாவற்றுக்கும் கேட்பதற்கு ஆள் இருந்தது. பூந்தோட்டம் விவசாய, காணி அமைச்சின் கீழ் வந்தது. அமைச்சர் டி.எஸ். சேனாநாயக்க. பாடசாலைகளுக்கு அரசாங்க சபைக்குள்ளேயே பழைய மாணவர்கள் இருந்தார்கள்.

கொக்கலைக்கு யார் இருந்தார்? பேர்ச்சல் பறந்து போனாரே அந்த விமானத்தளத்துக்காக அங்கே கிராமத்தையே காலி செய்தார்கள். மிகக் குறுகிய அவகாசத்தில் சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறினார்கள். வீடுகள் தரைமட்டமாகின. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் ஓர் அதிகாரி தங்குவதற்குத் தேவைப்பட்டதால் தப்பியது. இன்று அது நூதனசாலை. கிராமம் பழைய கிராமமாகத் திரும்பவேயில்லை. விமானத்தளம் விமானப்படையிடம் இருக்கிறது, பக்கத்தில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வாவியில் கடல்விமானங்கள் இல்லாதிருந்தால் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு இன்னும் மோசமாக அடிபட்டிருக்கும். காணி எடுத்ததற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்தபின் கொடுக்காததற்கு அந்தக் காரணம் போதாது.

பெரிய தளங்களும் உடனே வரவில்லை. 1947இல் சுதந்திரத்துக்கு முன்பே செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரிடமே இருந்தன. 1956 தேர்தலில் பண்டாரநாயக்க வந்தார், 1957 ஒக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்கவும் கைக்கு வந்தன. பண்டாரநாயக்கவின் மற்ற வேலைகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, அவற்றை இங்கே எழுதவில்லை. ஆனால் இது அவர் செய்தது. இன்று உம்ராவுக்கும் கட்டார் வேலைக்கும் நாம் ஏறிப் போகும் விமான நிலையம் அந்தத் தளம்தான். போர் முடிந்து பன்னிரண்டு வருடம், ஒரு சுதந்திரம், ஓர் ஆட்சி மாற்றம் தேவைப்பட்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். பொத்துவிலைத் தாண்டினால் பாணமை. சிங்களவரும் தமிழரும் கலந்து மணம் முடித்து வாழும் பழைய ஊர். யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். 2010இல் ராகம்வெல, சாஸ்திரவெல உள்ளிட்ட ஐந்து குடியிருப்புகளிலிருந்து 350 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். அவர்களின் காணி விமானப்படைக்கும் கடற்படைக்கும் போனது. பிற்பாடு கடற்படை அங்கே உல்லாசப் பயணிகளுக்கான விடுதியும் நடத்தியது. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை 365 ஏக்கரில் 340 ஏக்கரை விடுவிக்கத் தீர்மானித்தது. தீர்மானம் நடைமுறைக்கு வராததால் அடுத்த வருடம் மார்ச்சில் சனங்களே உள்ளே போய்க் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். வழக்குகள், ஊர்வலங்கள், கொழும்புக்குப் பயணங்கள் என்று அவர்கள் விடாமல் நின்றதைப் பற்றி நம் ஊர்களில் பேசுவது குறைவு. அவர்கள் நம்மவர்கள் இல்லை என்பதாலா?

நம்மவர்கள் விஷயத்திலும் நாம் பெரிதாகப் பேசிவிடவில்லை. ஒலுவில் பக்கம் அஷ்ரஃப் நகரில் இராணுவ முகாமுக்காகக் காணியை இழந்த குடும்பங்களின் கதை, தேர்தல் மேடைகளில் வந்து தேர்தல் முடிந்ததும் போய்விடுகிறது. அவர்களிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது, பயிர் இருந்தது. அரசாங்க சபையில் பழைய மாணவன் இருக்கவில்லை.

வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் என் கணக்கு இவ்வளவுதான். போர்க்காலத்தில் எடுத்த இடங்களில் மன்னனுடையதும் தேசாதிபதியுடையதும் கல்லூரியுடையதும் ஆவணமாகி, படமாகி, திரும்பியும் வந்தன. குடியானவனுடையது திரும்பாததோடு, எழுதப்படவுமில்லை. மவுண்ட்பேட்டன் எந்த மாளிகையில் படுத்தார் என்பது எனக்குத் தெரியும். கொக்கலையில் வெளியேறிய ஒரு மீனவனின் பெயர் எனக்குத் தெரியாது. கண்டியில் போர் மயானம் ஒன்று இருக்கிறது, மிக நேர்த்தியாகப் பராமரிக்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என்று பலரின் கல்லிலும் பெயர் வெட்டியிருக்கிறது. அடுத்த சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போகும் எண்ணம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். அதிபர் பஸ் காசைக் கூட்டாமல் இருந்தால்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை அந்தச் சத்தம் நம் கரைக்கும் கேட்டதா, கடலுக்குப் போனவர்கள் எதையாவது கண்டார்களா, கரையில் ஏதாவது ஒதுங்கியதா? அன்று பத்து வயதில் இருந்தவர்களில் மௌத்தாகாமல் இருப்பவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஃபோனில் குரலைப் பதிந்து வையுங்கள். பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். அந்தப் பையன் இந்தத் தவணைக்கு அதையே தன் ஒப்படையாகச் செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.